அப்பாவின் வண்டிக்குப் புது முன்பிரேக்

அப்பாவின் லோடு வண்டி சொன்ன இடத்தில் நிற்பதில்லை என்பதை அப்பா எங்களிடம் சொல்லவில்லை. கூடவே போய் கல் ஏற்றி இறக்கும் அண்ணன்தான் சொன்னார். அவரும் நேராகச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, "நேத்து நாங்க ரெண்டு பேரும் பட்டுப்புடவை எடுத்திருப்போம்மா, நூல் அளவுல தப்பிச்சிட்டோம்" என்றார்.

காந்தி ரோட்டில் வெளியூர் வேன் ஒன்று புடவைக்கடைப் பலகையைப் பார்த்ததும் நடுரோட்டிலேயே நின்றிருக்கிறது. பின்னால் அப்பா, வண்டி நிறைய ஹாலோ பிளாக் கல்லோடு. பிரேக்கை மிதித்தும் வண்டி போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அப்பா சீட்டிலிருந்து எழுந்து முழு உடம்பையும் காலில் இறக்கிய பிறகுதான் நின்றதாம்.

"கையை நீட்டினா வேனைத் தொடலாம். பின்சீட்டுல ஒரு குழந்தை, எங்களைப் பார்த்து டாட்டா காட்டுது. நானும் காட்டினேன், வேற இன்னா பண்றது" என்றார் அண்ணன்.

"டீ ஆறுது, குடிடா" என்றார் அப்பா. அவர் கை வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

அந்த முழங்கால் கொஞ்ச காலமாகவே வீங்கியிருந்தது. மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். கேட்டால் செருப்பு சரியில்லை என்பார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பழையதாக வாங்கிய வண்டி அது. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல் அறுக்கும் இடத்திலிருந்து, செவிலிமேட்டில் முளைத்துக்கொண்டே இருக்கும் புது வீடுகளுக்குக் கல் ஏற்றிப்போய் இறக்குவதுதான் அவர் பிழைப்பு. அந்த வண்டியின் பிரேக்குக்கு நல்ல கால் வேண்டும். அப்பாவிடம் அது இல்லை.

அன்றைக்கே சொன்னேன். "ஒண்ணு பிரேக்கை மாத்தலாம். இல்லன்னா நீங்க ஓட்டுறதை நிறுத்துங்க."

"நிறுத்திட்டு? வாசல்ல உக்காந்து போற வர்ற பஸ்ஸை எண்ணவா?"

"வேற டிரைவர் போடலாம்."

"என் வண்டியை இன்னொருத்தன் ஓட்டுறதை நான் நின்னு பாக்கணுமா? நல்லா படிச்சிருக்கிற போ."

நன்றாகத்தான் படித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கல்லூரி முடித்த ஒரே ஆளும் நான்தான். இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வருவதில்லை. அம்மாவுக்குப் பஸ் நம்பர் மட்டும் படிக்கத் தெரியும். அப்பா போர்டுகளை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வண்டி அவற்றைத் தாண்டிவிடும். நான் மெக்கானிக்கல் படித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மேஜைக்கு வருவதெல்லாம் பிரேக் டிஸ்க்குகள். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வட்டமான இரும்புத் தட்டு அது. அதை இருபுறமும் அணைத்தபடி ஒரு கவ்வி, அதற்குள் உரசுவதற்கென்றே செய்த கட்டைகள். பிரேக்கை மிதித்தால் கவ்வி இறுகும், கட்டைகள் தட்டைப் பிடிக்கும், வண்டி நிற்கும். கவ்வியைக் காலிப்பர் என்றும் கட்டைகளைப் பேடு என்றும் சொல்வார்கள். நாள் முழுக்க அந்தத் தட்டுகளைச் சுழலவிட்டு, கோணல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. பிறகு கம்பெனி பஸ்ஸில் ஜன்னலில் தலை முட்ட முட்டத் தூங்கிக்கொண்டே வீட்டுக்கு வருவேன்.

அப்பாவின் வண்டியைச் செய்த கம்பெனி, அதே வண்டியின் புது மாடலில் முன்பக்க பிரேக்கைப் பெரிதாக்கியிருந்தது. தட்டு அகலம், கனம் இரண்டும் அதிகம். கவ்விக்குள் தள்ளும் பிஸ்டனும் பெரிது. ஆனால் நடுத்துளையும் போல்ட் துளைகளும் பழைய மாடலில் இருப்பதேதான். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து அளந்த கை என்னுடையது. புது மாடலின் சாமான்களை அப்படியே பழைய வண்டியில் ஏற்றினால் பாதி மிதிக்கே வண்டி நிற்கும். வீங்கிய முழங்காலுக்கு அது போதும்.

அப்பாவிடம் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப உங்க கம்பெனிலேயே ரெண்டு எடுத்தாந்துட வேண்டியதுதான? பையில வச்சா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"ஒரு தட்டு எவ்ளோ கனம் தெரியுமா? தோள்பை அறுந்துடும்."

"அதான் காரணமா?"

"அது இல்ல காரணம்" என்றேன். அவர் சிரித்தார். வெளியே ஸ்பேர் கடையில் வாங்குவதென்று முடிவானது.

எங்கள் மெக்கானிக் ஒரு பாய். அப்பாவைவிட இளையவர், ஆனால் பேச்சில் யாருக்கும் இளையவர் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்தபடியே அரசியல் பேசி முடித்துவிடுவார். என் யோசனையைக் கேட்டதும் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"இன்ஜினியர் மேடம், பழைய வண்டிக்குப் புது மாடல் சாமானா? கிழவனுக்கு ஜீன்ஸ் மாட்டுற மாதிரி இருக்குதே."

"மாட்டினா நடக்க முடியுதா இல்லையா, அதை மட்டும் பாருங்க பாய்."

"காலிப்பர் பெருசு. உங்க சக்கரம் சின்னது. உள்ள இடிக்கும், சுத்தாது."

"தெரியும். அதனாலதான் புது மாடல் சக்கரமே முன்னாடிக்கு ரெண்டும், ஸ்டெப்னிக்கு ஒண்ணும் சேர்த்துச் சொல்லியிருக்கேன்."

பாய் அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். "சக்கரமும் மாத்தணும், பிரேக்கும் மாத்தணும். ஹாரன் மட்டும் பழசு. அதை வச்சி புது வண்டி ஒண்ணு வாங்கியிருக்கலாம்" என்றார்.

சாமான்களைத் தேடியே பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒரு கடையில் தட்டு இருந்தால் காலிப்பர் இருக்காது. இன்னொரு கடையில் எல்லாம் இருக்கும், ஆனால் "எந்த மாடலுக்கும்மா?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும், "வீட்ல ஆம்பளைங்க இருந்தா கூட்டிட்டு வாங்க, தப்பா வாங்கிட்டுப் போயிடுவீங்க" என்பார்கள். அப்படிச் சொன்ன ஒரு ஆளிடம் தட்டின் கனத்தை மில்லிமீட்டரில் சொன்னேன். அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பில் போட்டார். அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது. மற்றபடி கால்வலிதான். ஆறு நாள் நின்று வேலை செய்தவளுக்கு ஏழாம் நாளும் கடை கடையாக நிற்பது பெரிய வீரம் ஒன்றும் இல்லை. வேறு யாரும் நிற்கமாட்டார்கள், அதனால் நின்றேன்.

ஒருவழியாக ஒரு வெள்ளிக்கிழமை எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஞாயிறு காலை பாயின் பட்டறையில் மாட்டுவதாகப் பேச்சு. சனிக்கிழமை எனக்கு ஷிப்ட்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் சாமி முன்னால்தான் போகும். என் கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் போயிருக்கிறது, என் முதல் கம்பெனி அடையாள அட்டை போயிருக்கிறது, மிக்சி போயிருக்கிறது. நான் சனிக்கிழமை வீடு திரும்பியபோது பிரேக் சாமான்கள் பூஜை அலமாரிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தட்டுகளுக்கு நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். காலிப்பருக்கு மூன்று பட்டை விபூதி. பேடுகளின் இரும்பு முதுகில் ஆளுக்கொரு பொட்டு. இரும்புச் சாமான் சாமி முன்னால் வெறுந்தரையில் உட்காரக்கூடாது என்று, இரண்டு பேடுகளைப் பித்தளைத் தாம்பாளத்திலும், அதில் இடம் போதாததால் மற்ற இரண்டை வாழையிலையிலும் வைத்திருந்தார் அம்மா. தாம்பாளத்தில் பக்கத்திலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"உங்கப்பா உயிரு இதுலதான இருக்குது, அதான் நல்லா வேண்டிக்கினேன்" என்றார் அம்மா.

எனக்குக் கண் சொருகியது. சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் பட்டறையில் பொட்டுகளைப் பார்த்துப் பாய் சிரித்தார். "வளையல் போடலையா?" என்று கேட்டுக்கொண்டே பழந்துணியால் எல்லாவற்றையும் துடைத்தார். தட்டுகளைப் பெட்ரோல் நனைத்த துணியால் பளபளவென்று கழுவினார். அதில் தப்பே சொல்ல முடியாது. பழைய சக்கரத்தை ஒருமுறை மாட்டிப் பார்த்தார், சொன்னபடியே காலிப்பரில் இடித்து நின்றது. "நான் சொன்னேன்ல" என்றார். "நானும்தான் சொன்னேன்" என்றேன். புதுச் சக்கரம் இடிக்காமல் சுற்றியது. பழைய பிரேக் ஆயிலை முழுக்க இறக்கிப் புதிது ஊற்றி, நான் உள்ளே உட்கார்ந்து மிதிக்க மிதிக்க, அவர் வெளியே குழாயில் தங்கிய காற்றை எடுத்தார். மிதி கொஞ்சம் ஆழமாகப் போய், மெத்தென்று நின்றது. என் காலுக்கே அது சுலபமாக இருந்தது. அப்பா ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, "போதும் எறங்கு, நான் பாக்குறேன்" என்றார்.

வண்டி காலியாகத்தான் இருந்தது. அப்பா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாலாற்றுப் பாலத்தை நோக்கிப் போகும் சாலையில் கூட்டம் இல்லை. கொஞ்சம் வேகம் எடுத்து, "இப்ப மிதிங்க" என்றேன்.

மிதித்தார். வண்டியின் முகம் வலது பக்கம் வெட்டியது. எதிரே டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. அப்பா காலை எடுத்து, ஸ்டியரிங்கை இடதுபக்கம் இழுத்து எப்படியோ நேராக்கினார். பஸ் டிரைவர் எங்கள் பரம்பரையையே விசாரித்துக்கொண்டு போனார். அப்பா ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தார்.

"பழைய பிரேக்கு நிக்காது. அது தெரிஞ்ச விசயம். உன் பிரேக்கு பஸ்ஸைப் பார்த்தா கிட்டப் போய்ப் பேசிட்டு வரலாம்ங்குது."

செய்ததையெல்லாம் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அளவில் தப்பில்லை, காற்றும் இல்லை.

"பழசையே மாட்டச் சொல்லு. நாளைக்கு லோடு இருக்குது."

பட்டறைக்கு மெதுவாக, கியரிலேயே வேகத்தைக் குறைத்துத் திரும்பினோம். பாய் இடதுபக்கச் சக்கரத்தைக் கழற்றியதும் எனக்கு வாசனை வந்தது. பட்டறையில் வரவேண்டிய வாசனை இல்லை அது. நல்லெண்ணெய் காய்ந்த வாசனை. பேடுகளை உருவி எடுத்து உரசும் முகத்தைத் திருப்பினேன். கறுப்புக்குமேல் கறுப்பாக ஈரம் படர்ந்திருந்தது. விரலில் தொட்டதும் பிசுக்கு ஒட்டியது.

தாம்பாளம் நினைவுக்கு வந்தது. பொட்டு வைப்பதற்காக முதுகு மேலாக, உரசும் முகம் கீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்ட இரண்டு பேடுகள். பக்கத்தில் ததும்பத் ததும்ப எண்ணெய் ஊற்றிய விளக்கு. நாள் முழுக்க வழிந்த எண்ணெயை அவை உறிஞ்சியிருக்கின்றன. வாழையிலையில் இருந்த இரண்டும் காய்ந்தே இருந்தன, அவை வலதுபக்கம் போயிருக்கின்றன. வலது சக்கரம் பிடித்தது, இடது சக்கரம் வழுக்கியது. வண்டி பிடித்த பக்கம் திரும்பியது.

பாய் பேடை வாங்கி முகர்ந்தார். "தாளிச்சிருக்காங்க" என்றார்.

அப்பாவும் வாங்கி முகர்ந்தார். முகம் மாறியது. "இதை உங்கம்மாகிட்ட சொல்லாத" என்றார். அப்படிச் சொன்ன குரலில் கோபம் இல்லை.

அம்மாவின் வேண்டுதலில் தப்பு கண்டுபிடிக்க எனக்கும் மனம் வரவில்லை. என் அடையாள அட்டையை வைத்த அதே தாம்பாளம்தான் அது. அட்டை எண்ணெய் குடிக்காது, பேடு குடிக்கும். இவ்வளவுதான் வித்தியாசம்.

"ஒண்ணும் பிரச்சினையில்ல, கேஸ் அடுப்புல காட்டி எண்ணெயை எரிச்சிட்டா முடிஞ்சிது. நாங்க எத்தனை வண்டிக்குப் பண்ணியிருக்கோம்" என்றார் பாய்.

"வேணாம் பாய். மேல இருக்கிறது எரியும், உள்ள குடிச்சது அப்படியே இருக்கும். ரெண்டு தடவை நல்லா நிக்கும், மூணாவது தடவை சூடு ஏறினதும் வெளிய வரும். அப்ப வண்டியில கல்லு இருக்கும், முன்னாடி வேன் இருக்கும்."

"அப்ப இன்னா பண்ணணும்ங்கிற?"

"நாலு பேடும் புதுசு."

"ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல எவன் கடை திறந்து வச்சிருப்பான்? நாளைக்குக் காலையில லோடு. மேஸ்திரி ஆளுங்களை வரச்சொல்லிட்டான்" என்றார் அப்பா. "எரிச்சி மாட்டு பாய். நாளைக்கு ஒருநாள் பாத்து ஓட்டிக்கிறேன்."

பாய் என்னைப் பார்த்தார். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சரி என்று தலையாட்டினேன். எண்ணெயை எரித்து, மாட்டி, வண்டி ஊர்ந்து வீட்டுக்கு வந்து நின்றது. ஆணியில் தொங்கிய சாவியை மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது எடுத்துத் தோள்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

டீ நேரத்தில் போனைத் திறந்தால் அப்பாவின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. கூப்பிட்டேன்.

"சாவி எங்க?"

"என்கிட்ட."

"நீ எங்க?"

"கம்பெனில."

பின்னால் கல் ஏற்றும் அண்ணன் சிரிப்பது கேட்டது.

"மேஸ்திரி கத்திக்கினு இருக்கிறான். பத்துப் பேரு சும்மா உக்காந்துக்கினு இருக்காங்களாம்."

"உக்காரட்டும்பா. உக்காந்தா யாரும் சாக மாட்டாங்க."

"படிக்க வச்சதுக்கு நல்லா பண்ற" என்று போனை வைத்தார்.

அன்றைக்குச் சுழலும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, அதில் எது யாருடைய வண்டிக்குப் போகும், யார் வீட்டில் எதன்மேல் என்ன பூசுவார்கள் என்று யோசனை வந்தது. நாங்கள் இவ்வளவு துல்லியமாகப் பார்த்து அனுப்புகிறோம். பிறகு அது ஒரு வீட்டுக்குப் போகிறது. வீட்டில் வேறு அளவுகள்.

ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, அதே ஸ்பேர் கடைக்குப் போனேன். நான் மில்லிமீட்டரில் சொல்லக் கேட்ட அதே ஆள் இந்தமுறை, "வாங்க மேடம், அதுக்குள்ள தேஞ்சிடுச்சா?" என்றார். "இல்ல, சாமி கும்பிட்டோம்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "மஞ்சத்தண்ணி ஊத்துனவங்களும் வருவாங்க" என்றார், பில் போட்டுக்கொண்டே.

பேடுகளைப் பெட்டியோடு மார்பில் அணைத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். அப்பாவைப் போனில் அங்கேயே வரச்சொல்லியிருந்தேன். வண்டிச் சாவி இல்லாததால் அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. அண்ணன் என்னிடம் சாவியை வாங்கிப் போய் வண்டியை ஊர்ந்தபடியே கொண்டுவந்தார். வெளிச்சம் இருக்கும்போதே பாய் எண்ணெய் பட்ட தட்டை மறுபடி கழுவி, நான்கையும் மாற்றிவிட்டார். சுவரோரம் கிடந்த கல்லையெல்லாம் வண்டியில் ஏற்றச் சொன்னேன். அண்ணன் முனகிக்கொண்டே ஏற்றினார்.

அதே சாலை. கூட்டம் விட்டிருந்தது. முதலில் மெதுவாகப் பலமுறை மிதித்துப் பேடுகளைத் தட்டோடு பழக்கினோம். பிறகு, "இப்ப" என்றேன். அப்பா எழுந்து நின்று மிதிக்கும் பழக்கத்தில் சீட்டைவிட்டு எழப்போனார். எழுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. நேராக. அவர் தலை கண்ணாடிப் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"இன்னாம்மா இது, இவ்ளோ கிட்டத்துல நிக்குது?"

"அதுக்குத்தாம்பா மாத்தினோம்."

"சொல்ல வேணாமா?" என்றார். இன்னொரு முறை போய், உட்கார்ந்தபடியே பாதி மிதித்தார். நின்றது. மறுபடி போனார். நிறுத்தினார். நான் போதும் என்று சொன்ன பிறகும் காரணமே இல்லாமல் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் நிறுத்தி நிறுத்தி வீட்டுக்கு ஓட்டினார். பாராட்டு எதுவும் வரவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார், அது மட்டும் மாறவில்லை. முழங்காலுக்குப் புது மாடல் சாமான் எந்தக் கடையிலும் கிடைக்காது.

அம்மா தயாராக இருந்தார், கையில் தாம்பாளத்தோடு. நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம்.

"சக்கரத்துக்கு வேணாம்" என்றார் அப்பா. "முன்கண்ணாடிக்கு வை. எவ்ளோ வேணாலும் வை."

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்காகச் செவிலிமேட்டில் நின்றிருந்தேன். உடம்பு முழுக்கத் தூக்கம். தூரத்தில் அப்பாவின் வண்டி வந்தது. நிறைய கல், கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். அதற்கு முன்னால் போன பள்ளி வேன், பிள்ளை ஏற்ற சட்டென்று நின்றது. அப்பாவின் வண்டியும் நின்றது, வேனுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டியே திரும்பலாம், அவ்வளவு இடைவெளி விட்டு. பின்னால் வந்த பைக்காரன் தடுமாறி, ஹாரனை அழுத்தினான். அப்பா ஜன்னலில் தலையை நீட்டி, "நிக்கிறது தெரியுதுல்ல? நீயும் நில்லு!" என்று கத்தினார். என்னை அவர் பார்க்கவில்லை. மேலே கல்மேல் உட்கார்ந்திருந்த அண்ணன் பார்த்து, டாட்டா காட்டினார்.

என் பஸ் வந்தது. ஜன்னலோர இடம் கிடைத்தது. அப்பாவின் வண்டி கிளம்புவதைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் தூங்கிப்போனேன்.